கஞ்சி குடித்த கேன்வாஸ் ஷூ

காவேரியக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து அம்மிக்கல்லைத் தூக்கினோம். அர்த்தநாரி அண்ணன் குனிந்து என் வலது கால் ஷூவைத் தரையில் நேராக வைத்தார். கல்லின் பாரத்தில் நசுங்கிவிடக் கூடாதென்று உள்ளே பழந்துணி திணித்திருந்தோம். கல் மெல்ல இறங்கியது. ஷூவின் ஓரத்தில் வெள்ளைப் பசை பிதுங்கிக்கொண்டு வந்தது. அக்கா அதை ஆள்காட்டி விரலால் வழித்து, வீணாக்க மனமில்லாமல் மறுபடி விளிம்பிலேயே தடவிவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் துவையல் அரைக்க அம்மி இல்லை. என் ஷூவை முன்னிட்டு மூன்று பேரும் மோரும் ஊறுகாயுமாகச் சோற்றை முடித்துக்கொண்டோம்.

"நாளைக்குப் பொழுதோட எடுத்துப் பாருங்க டீச்சர். ஆனை கட்டி இழுத்தாலும் வராது" என்றார் அண்ணன்.

நான் முழுசாக நம்பினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அறுபதுகளின் தொடக்கம். வெண்ணந்தூரிலிருந்து சற்று தள்ளி ஒரு நெசவு ஊரில், பெண்கள் பள்ளியின் டிரில் டீச்சர் நான். அந்தத் தம்பதி வீட்டின் முன்னறையில் குடியிருந்தேன். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டிரஸ் அம்மா பள்ளிக்கு வருகிறார் என்று திங்கட்கிழமை கடிதம் வந்தது. கடிதம் வந்த அன்றே ஷூவும் வாயைப் பிளந்தது.

விசில் இல்லாத கார்டு

ஷூவுக்காக இவ்வளவு பாடா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அவருடைய பூட்ஸின் அடி விட்டுப்போனால் யாரிடமும் கொடுக்க மாட்டார். தாமே ஆணி அடிப்பார். ஆணியின் முனை உள்ளே வந்து காலைக் குத்தும். குத்தாமல் இருக்க அட்டை வெட்டி வைப்பார். அட்டை வியர்வையில் ஊறி நாறும். நாற்றத்துக்கு அம்மா திட்டுவார். அப்பா பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் இன்னொரு ஆணி அடிப்பார். "எஞ்சினையே பிரிச்சு மாட்டறவன் நான், இது என்ன பிரமாதம்" என்பார். எனக்குத் தெரிந்தது போதும், அடுத்தவர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்கிற இந்தப் புத்தி எங்கள் குடும்பச் சொத்து. தங்கைகளுக்குக் கொஞ்சம் குறைவாகவும் எனக்குத் தாராளமாகவும் கிடைத்தது.

கன்னியர் பள்ளியில் படித்து முடித்து, மெட்ராஸில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்குப் போனேன். அங்கே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ கட்டாயம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மையார் முதல் நாளே சொன்னார், ஷூ இல்லாத டிரில் டீச்சரும் விசில் இல்லாத ரயில்வே கார்டும் ஒன்று என்று. அதை ஊருக்கு வந்து சொன்னபோது அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரே உவமையில் மகளும் ரயில்வேயும் சேர்ந்து வந்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஷூவோடுதான் இந்த ஊருக்கு வந்து இறங்கினேன். நூல் சேலை, இடுப்பில் இறுக்கிச் சொருகிய முந்தானை, கழுத்தில் விசில், காலில் வெள்ளை ஷூ. ஊரே திரும்பிப் பார்த்தது. கிணற்றடியில் ஒரு பெரியம்மா என் காலையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு கேட்டார்: "காலுல ஏதாச்சும் சீக்குங்களா அம்மிணி, மூடி வெச்சிருக்கறீங்க?"

சீக்கு இல்லை, இது என் வேலைக்கு உடுப்பு என்றேன். அவர் நம்பினாரா என்பது தெரியாது. அடுத்த வாரம் ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெய் கொடுத்தனுப்பினார்.

தலைவர் வைத்த கெடு

பள்ளிக் கமிட்டியின் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. பள்ளிக்கு இரண்டு அறை கட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஊர்ப் பெண்கள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவரும் அவர்தான். ஆனால் படிப்பதற்கு ஓடுவானேன் என்பது அவர் கட்சி. வயசுக்கு வந்த பெண்கள் தாவணியைச் சொருகிக்கொண்டு மைதானத்தில் ஓடினால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேட்பார். அரசாங்கம் கேட்கிறதே என்றுதான் என்னை ஓராண்டுக்கு மட்டும் வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டிரஸ் நல்லபடியாக எழுதினால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஜூன் முதல் டிரில் நேரம் தையல் நேரம் ஆகிவிடும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூரமங்கலம் போக வேண்டியதுதான். இதை அவர் மறைத்துப் பேசவில்லை. என்னை உட்கார வைத்து, காபி கொடுத்துச் சொன்னார்.

என் பெண்கள் நாற்பது பேர். கைப்பயிற்சி, அணிவகுப்பு, கோலாட்டம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஒன்றில் மட்டும் என் மானம் போய்க்கொண்டிருந்தது. மைதானத்தைச் சுற்றி இரட்டை வரிசையில் ஓட வேண்டும். மூன்று பக்கமும் தறியில் ஏற்றிய நூல் மாதிரி நேராக வருவார்கள். மேற்கு மூலை வந்ததும் வரிசை கோணிக்கொள்ளும். ஒருத்தி உள்ளே நகருவாள், ஒருத்தி துள்ளுவாள், பின்னால் வருகிறவள் தடுமாறி நிற்பாள். முன்னால் ஓடுகிற நான் திரும்பிப் பார்த்தால் எறும்பு வரிசையில் கால் வைத்த மாதிரி இருக்கும்.

தலைவர் ஒருநாள் வேலியோரம் நின்று இதைப் பார்த்துவிட்டார். "ஒரு வரிசையே நேரா ஓட மாட்டேங்குதுங்களே டீச்சர், இதுல என்னங்க ஒழுக்கம் வந்துரும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு நாற்பது பேரையும் இன்னும் நான்கு சுற்று ஓட விட்டேன். சோம்பேறிகள், கவனம் இல்லாதவர்கள், எருமைகள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஓட ஓட இன்னும் மோசமாகத்தான் கோணியது. ஓர் ஆண்டு முழுக்க இதே கதைதான்.

சின்னான் சொன்னதும் நான் கேளாததும்

திங்கட்கிழமை சாயங்காலம் ஷூவை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே சின்னான் உட்கார்ந்திருப்பார். மாட்டுக்குக் கட்டுகிற தோல்வார், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல்பறியின் கிழிசல், செருப்பு எல்லாம் அவர் கையில்தான் பிழைத்தன. கேன்வாஸ் ஷூவை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளந்த வாய்க்குள் கட்டைவிரலை விட்டு ரப்பரை வளைத்தார்.

சுற்றி வர மெழுகு நூலில் தையல் போட வேண்டும், இரண்டு நாள் வேண்டும் என்றார். தையல் வெளியே தெரியுமா என்று கேட்டேன். தெரியத்தான் செய்யும் என்றார். ஒட்ட முடியாதா என்றேன்.

"பசையெல்லாம் ஆகாதுங்க அம்மிணி. தையல் போட்டாத்தான் நிக்கும்."

அவரிடம் இருந்த நூல் நல்ல பழுப்பு. பளீரென்று வெள்ளை பூசிய ஷூவைச் சுற்றி அந்தப் பழுப்புத் தையல், இன்ஸ்பெக்டிரஸ் கண்ணில் முதலில் படப்போவது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. மெட்ராஸில் படித்தவள் ஒட்டுப்போட்ட ஷூவோடு நிற்பதா? யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புதுசு வாங்கச் சேலத்துக்குப் போக விடுமுறை கிடைக்கவில்லை.

வீட்டில் அர்த்தநாரி அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "இதுக்காங்க இவ்வளவு வெசனம்? பாவுக்குப் போடற பசை நம்ம ஊட்டுலயே இருக்குதுங்களே."

நெசவாளர் வீட்டுப் பசையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தறியில் ஏறுவதற்கு முன், நெடுக்கு இழையான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சிப் பசை தடவி, புருசு போட்டு வாரிக் காயவைப்பார்கள். அப்போதுதான் நூல் விறைப்பாக நிற்கும், அறாது. எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்குக்குப் பஞ்சமில்லை. ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மாவு மூட்டை மூட்டையாக வரும். அந்த மாவில் காய்ச்சிய பசை கையில் பட்டுக் காய்ந்தால் தோலோடு உரிக்க வேண்டும். கல்யாணப் பந்தலில் காகிதத் தோரணம், சாமி படத்துக்குக் கண்ணாடிச் சட்டம், பிள்ளைகளின் நோட்டு அட்டை எல்லாம் அந்தத் தெருவில் அதில்தான் ஒட்டப்பட்டன. ஷூ மட்டும் ஒட்டாதா?

தெருவே கூடி யோசனை சொன்னது. கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி வராது என்றார் ஒருவர். இரண்டு கொதி கூட விட்டால் இறுகும் என்றார் இன்னொருவர். நான் சொல்லச் சொல்லக் காவேரியக்கா கிளறினார். அடுத்த நாள் மத்தியானம் அம்மி ஏறியது.

புதன்கிழமை சாயங்காலம் கல்லை எடுத்தோம். அடி பலகை மாதிரி ஒட்டியிருந்தது. போட்டுக்கொண்டு தெருவில் குதித்தேன், ஓடினேன், நுனிக்காலில் நின்றேன். அசையவில்லை. பசையும் வெள்ளை, ஷூவும் வெள்ளை. ஒட்டிய இடமே தெரியவில்லை. சின்னானுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்பா பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

இருபது குடம் தண்ணீர்

வியாழக்கிழமை காலை மைதானத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. மழை கண்டு மூன்று மாதம். நாற்பது பேர் ஓடினால் இன்ஸ்பெக்டிரஸ் இருமிக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும். தெருவில் பாவு இழுப்பதற்கு முன் நூலில் புழுதி ஏறாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். அதையே செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. பெரிய பெண்களை அனுப்பி, கிணற்றிலிருந்து இருபது குடம் இறைத்து வந்து மைதானம் முழுக்கத் தெளிக்க வைத்தேன். யாரும் சொல்லவில்லை. யோசனை முழுக்க என்னுடையது.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மா குடையோடு வந்தார். பேச்சு குறைவு, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற வழக்கம். பக்கத்து நாற்காலியில் தலைவர். கைப்பயிற்சி நடந்தது. கோலாட்டம் நடந்தது. இன்ஸ்பெக்டிரஸ் ஏதோ எழுதினார். நான் ஈரத் தரையில் முன்னும் பின்னும் நடந்து கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்டத்துக்கு விசில் ஊதினேன். பத்து எட்டு வைத்ததும் காலுக்கடியில் ஏதோ கொழகொழத்தது. இருபதாவது எட்டில் 'சளப்' என்றது. முதல் சுற்று முடிவதற்குள் ஷூவின் அடி முக்கால்வாசி கழன்று, நான் காலைத் தூக்கும்போதெல்லாம் எருமை நாக்கு மாதிரித் தொங்கியது. சளப், சளப் என்று சத்தம். பின்னால் வந்த பெண்கள் அந்தத் தாளத்துக்கு ஓடுவதா என் விசிலுக்கு ஓடுவதா என்று குழம்பிப் போனார்கள்.

கஞ்சி, தண்ணீரில் கரையும். புது வேட்டியை முதல் தடவை நனைத்தால் கஞ்சியெல்லாம் போய்த் துணி தொளதொளத்துவிடும் என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பரம்பரையாகக் கஞ்சி போட்டவர்கள் அத்தனை பேர் கூடி யோசனை சொன்னார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமா, குடம் குடமாகத் தண்ணீரையும் நானே ஊற்ற வைத்தேன்.

நின்றேன். அழுகை வரும்போல இருந்தது; வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக எறிந்தேன். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து விசில் ஊதி, வெறுங்காலோடு முன்னால் ஓடினேன்.

கிழக்குப் பக்கம் நன்றாக ஓடினேன். வடக்கிலும் ஓடினேன். மேற்கு மூலையில் கால் வைத்ததும் உயிர் போனது.

ஒன்றல்ல, நாலைந்து முள் ஒரே சமயத்தில் பாதத்தில் ஏறின. அடுத்த காலை வைத்தால் அங்கேயும் முள். நான் துள்ளினேன். உள்பக்கம் நகர்ந்தேன். தடுமாறி நின்றேன். ஓர் ஆண்டாக என் பெண்கள் செய்து, நான் திட்டிக்கொண்டிருந்த அதே துள்ளல், அதே நகரல், அதே தடுமாற்றம். குனிந்து பார்த்தேன். அந்த மூலை முழுக்க மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படர்ந்திருந்த கொடியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அழகாயிருக்கிறதே என்றுகூட நினைத்திருக்கிறேன். குவார்ட்டர்ஸ் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவளுக்கு அதுதான் நெருஞ்சி என்று தெரியாது. ரப்பர் அடி போட்டவளுக்குக் குத்தியதும் தெரியாது.

நாற்பது பெண்களும் வெறுங்கால். மேற்கு மூலையில் வழக்கம்போல வரிசை கோணியது.

ஓட்டம் முடிந்ததும் இன்ஸ்பெக்டிரஸ் என்னைக் கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருந்தது என்றார். பிறகு பென்சிலால் மேற்கைக் காட்டி, அந்த மூலையில் மட்டும் வரிசை ஏன் கெடுகிறது என்று கேட்டார்.

"பொட்டப் புள்ளைங்கன்னா அப்படித்தானுங்க. சொன்ன பேச்சு கேக்கறதில்லீங்க" என்றார் தலைவர்.

எனக்காகப் பரிந்துதான் சொன்னார், குற்றம் என் மேல் வராமல். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அந்த இடத்திலேயே நான் தப்பித்திருப்பேன். பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றிருந்தால் ரத்தமும் தெரிந்திருக்காது.

"அவங்க மேல தப்பு இல்லைங்கம்மா" என்றேன். "அங்க முள் இருக்கு. நான் ஷூ போட்டுக்கிட்டு முன்னால ஓடினேன், அவங்களை வெறுங்காலோட ஓட விட்டேன். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

இன்ஸ்பெக்டிரஸ் என் காலைப் பார்த்தார். பெண்களின் காலைப் பார்த்தார். நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

களைக்கொத்தும் மெழுகு நூலும்

மறுநாள் காலை பள்ளிக்குப் போனபோது மேற்கு மூலையில் இரண்டு ஆட்கள் களைக்கொத்தோடு குந்தியிருந்தார்கள். தலைவர் தம் தோட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார். நெருஞ்சியை வேரோடு செதுக்கி, காய் ஒன்று விடாமல் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள்.

அறிக்கை வர ஒரு மாதம் ஆயிற்று. ஆசிரியையை நிரந்தரமாக்கலாம், மாணவிகள் ஓடும் இடத்தை ஆசிரியை வாரம் ஒருமுறை வெறுங்காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று இரண்டே வரி. பணியிலிருந்து ஓய்வு பெறும் வரை, எந்தப் பள்ளியில் இருந்தாலும், நான் அதை விடவில்லை.

ஷூவைச் சின்னானிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார்.

"வாயப் பொளந்துச்சுன்னு கஞ்சி ஊத்திப் போட்டீங்களாக்கும்" என்றார்.

அதற்கு மேல் கேலி செய்யவில்லை. சுற்றி வரப் பழுப்புத் தையல் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தையலும் கண்ணைப் பறித்தது. அதைப் போட்டுக்கொண்டு நான்கு வருஷம் ஓடினேன். தையல் கடைசி வரை விடவில்லை, துணிதான் முதலில் கிழிந்தது. ஊரார் அந்தத் தையலைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்; எனக்கு வெட்கமாக இல்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆட்கள் செதுக்கிவிட்டுப் போனதும் பெண்களை வரிசையில் நிறுத்தினேன். பழனியம்மாள் என்று ஒருத்தி, பத்தாம் வகுப்பு, வரிசையில் முதலாவதாக ஓடுகிறவள். எல்லாரையும் விட அதிகம் என்னிடம் திட்டு வாங்கியவளும் அவள்தான். அவளிடம் கேட்டேன், ஒரு வருஷமாக முள் குத்தியிருக்கிறதே, ஒருத்திகூட ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன். பழக்கம் போகவில்லை.

அவள் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சமுங்க டீச்சர். தெரிஞ்சுதான் ஓட உடறீங்கன்னு."

டிரில் என்றால் முள்ளின் மேல் ஓடுவது என்று நாற்பது பேரும் ஓர் ஆண்டாக நம்பியிருக்கிறார்கள். குத்தினால் தாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் டீச்சர் மெட்ராஸில் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று. கூடுதலாக நான்கு சுற்று ஓட விட்ட நாள் நினைவுக்கு வந்தது.

"மன்னிச்சுக்க சாமி" என்றேன். அந்த ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்தச் சொல், அங்கே போய் ஓர் ஆண்டுக்குப் பிறகு, அன்றுதான் முதன்முதலாக என் வாயில் வந்தது.

பழனியம்மாள் செதுக்கிய மூலையைத் திரும்பிப் பார்த்தாள். தாவணியை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"பரவால்லீங்க டீச்சர்" என்றாள். "இப்ப ஓடட்டுங்களா?"